சர்க்கரையும் இல்லை, கொதிப்பும் இல்லை: சிறுநீரகம் ஏன் கெடுகிறது?

வாஷி மார்க்கெட்டில் டெம்போவில் மூட்டை ஏற்றி இறக்கும் தொழிலாளி ஒருவர். நாங்குநேரி பக்கத்துக்காரர். வயது 43. குடி இல்லை, பீடி இல்லை. கடந்த மழைக்காலத்தில் அவருக்குக் கால் வீங்கியது. சோறு பிடிக்கவில்லை. இரவில் படுத்தால் மூச்சு வாங்கியது. வாயுக் கோளாறு என்று இரண்டு வாரம் சோடா குடித்துப் பார்த்தார். கடைசியில் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனபோது ரத்தத்தில் கிரியாட்டினின் என்ற கழிவுப் பொருளின் அளவு 9-ஐத் தாண்டியிருந்தது. நல்ல உடல்நிலையில் உள்ள ஆணுக்கு அது 1.3-க்குள் இருக்க வேண்டும்.

டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "எத்தனை வருஷமாகச் சர்க்கரை?" சர்க்கரை இல்லை. "பிரஷர்?" ஊரில் முன்பு பார்த்தபோது அதுவும் இல்லை. கல் இல்லை. பரம்பரையில் யாருக்கும் இல்லை. ஸ்கேன் படத்தில் இரண்டு சிறுநீரகங்களும் சுருங்கிக் கிடந்தன. கேஸ் பேப்பரில் நோய்க்குக் காரணம் என்ற இடத்தில் 'தெரியவில்லை' என்று எழுதப்பட்டது. இப்போது அவருக்கு வாரம் மூன்று நாள் டயாலிசிஸ்.

'தெரியவில்லை' என்ற அந்த ஒரு சொல்லைச் சுற்றித்தான் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக உலகின் பல மூலைகளில் ஆராய்ச்சி நடந்துவருகிறது. அந்த ஆராய்ச்சிகள் சுட்டிக்காட்டும் திசை, மூட்டை சுமப்பவர்களும் அடுப்படியில் நிற்பவர்களும் அறிந்துகொள்ள வேண்டிய ஒன்று.

கரும்புக் காட்டில் தொடங்கியது

சிறுநீரகம் கெடுவதற்கு முதல் காரணம் நீரிழிவு, இரண்டாவது ரத்தக் கொதிப்பு. உலகம் முழுவதும் இதுதான் கணக்கு. இந்தியாவில் 10 கோடிப் பேருக்கு மேல் நீரிழிவு நோய் இருப்பதாக 2023-ல் வெளியான தேசிய ஆய்வு கூறியது. நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்க்கும் குமாஸ்தாக்கள் முதலில் பயப்பட வேண்டியது இந்த இரண்டுக்கும்தான். அதில் எந்த மாற்றமும் இல்லை.

ஆனால் 2002-ல் மத்திய அமெரிக்காவிலுள்ள எல்சால்வடார் நாட்டிலிருந்து ஒரு விசித்திரமான செய்தி வந்தது. தலைநகர் சான்சால்வடாரின் ரோசாலெஸ் ஆஸ்பத்திரிக்குச் சிறுநீரகம் முற்றிலும் செயலிழந்து வந்த புதிய நோயாளிகளில் மூன்றில் இரண்டு பங்கினருக்குச் சர்க்கரையும் இல்லை, கொதிப்பும் இல்லை. பெரும்பாலோர் ஆண்கள். கடற்கரைச் சமவெளியில் வயல் வேலை செய்கிறவர்கள். பக்கத்து நாடான நிகராகுவாவிலும் இதே கதை. அங்கே கரும்பு வெட்டும் இளைஞர்கள் முப்பது, நாற்பது வயதில் செத்துக்கொண்டிருந்தார்கள். புருஷனை இழந்த பெண்கள் அதிகம் என்பதால் ஒரு கிராமத்துக்கு 'விதவைகள் தீவு' என்றே பேர் வந்துவிட்டது.

அதற்கு முன்பே, 1990-களில், இலங்கையின் வடமத்திய மாகாணத்தில் இதே நோய் தலைகாட்டியிருந்தது. அனுராதபுரம், பொலன்னறுவை மாவட்டங்களின் நெல் விவசாயிகள் கூட்டம் கூட்டமாக ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். வவுனியாப் பகுதியையும் அது விட்டுவைக்கவில்லை. கிணற்றுத் தண்ணீரா, அதிலுள்ள புளோரைடா, சுண்ணாம்பா, பூச்சிமருந்தா என்று வாதம் கிளம்பியது. கிளைபோசேட் என்ற களைக்கொல்லியின்மீது சந்தேகப்பட்டு 2015-ல் இலங்கை அரசு அதற்குத் தடை விதித்தது. தேயிலைக்கும் ரப்பருக்கும் 2018-ல் தடை தளர்ந்தது. 2022-ல் முழுவதும் நீங்கியது. விஞ்ஞானிகளின் சண்டை மட்டும் இன்னும் தீர்ந்தபாடில்லை.

நம் நாட்டில் இதற்குப் பேர்போன இடம் ஆந்திராவின் ஸ்ரீகாகுளம் மாவட்டத்து உத்தானம் பகுதி. தென்னையும் முந்திரியும் செழித்த பசுமையான பிரதேசம். அங்கே கிராமத்துக்குக் கிராமம் சிறுநீரக நோயாளிகள். பலாசாவில் 200 படுக்கைகள் கொண்ட ஆஸ்பத்திரியும் ஆராய்ச்சி மையமும் 2023 டிசம்பரில் திறக்கப்பட்டன. அங்கும் தண்ணீர்மீதுதான் முதல் சந்தேகம்.

தூத்துக்குடி உப்பளத்துக்கு வருவோம்

வாஷியிலும் தாராவியிலும் இருப்பவர்களில் எத்தனையோ பேருக்கு உப்பளம் சொந்த ஊர்ச் சங்கதி. சென்னை போரூரிலுள்ள ஸ்ரீராமச்சந்திரா நிறுவனத்தின் பேராசிரியை வித்யா வேணுகோபாலும் அவரது குழுவினரும் தமிழ்நாட்டில் ஏழு உப்பளங்களைச் சேர்ந்த 352 தொழிலாளர்களைப் பரிசோதித்தார்கள். பத்துக்கு ஒன்பது பேர், பாதுகாப்பானது என்று வகுக்கப்பட்ட அளவைத் தாண்டிய வெக்கையில் வேலை செய்துகொண்டிருந்தார்கள். நூற்றுக்கு ஏழு பேருக்குச் சிறுநீரகத்தின் வடிகட்டும் சக்தி குறைந்திருந்தது. ஏழுதானே என்று தோன்றலாம். ஆஸ்பத்திரி வரிசையில் நின்ற நோயாளிகள் அல்ல இவர்கள். காலையில் எழுந்து வேலைக்கு வந்தவர்கள். அவர்களில் ஏழு!

உப்பளப் பெண்களின் நிலை இன்னும் மோசம். ஒதுங்க இடமில்லை. அதனால் வேலைக்குக் கிளம்பும்போதே தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்கிறார்கள். வெயில் ஒரு பக்கம் உறிஞ்ச, இவர்களே இன்னொரு பக்கம் வாயைக் கட்டிக்கொள்கிறார்கள். பொதுக் கழிப்பறைக்கு வரிசையில் நிற்கும் தாராவிப் பெண்களுக்கு இதை யாரும் விளக்கத் தேவையில்லை.

பிறகு சென்னை மருத்துவக் கல்லூரி டாக்டர்கள் விவசாயத் தொழிலாளர்களிடம் போனார்கள். தமிழ்நாட்டின் பல மண்டலங்களில் மூவாயிரத்துக்கும் அதிகமானவர்களைப் பரிசோதித்தார்கள். நாள்பட்ட சிறுநீரக நோய் உறுதியானவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு வழக்கமான காரணம் எதுவும் இல்லை. ஆக, எல்சால்வடாரில் கண்டது நம் வயல்களிலும் இருக்கிறது.

வெயில் சிறுநீரகத்தை என்ன செய்கிறது?

நாள் ஒன்றுக்கு சுமார் 180 லிட்டர் திரவத்தை வடிகட்டி, அதில் ஒன்றரை லிட்டரை மட்டும் சிறுநீராக வெளியே தள்ளி, மீதியைத் திரும்ப ரத்தத்தில் சேர்ப்பவை இந்த இரண்டு உறுப்புகள். இதயம் இறைக்கும் ரத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கு இவற்றுக்குத்தான் போகிறது.

கடும் வெக்கையில் மூட்டை தூக்குகிறவருக்கு ஒரு மணி நேரத்தில் ஒரு லிட்டர் வியர்வைகூடப் போகும். உடம்பு ரத்தத்தைத் தோலுக்கும் தசைக்கும் திருப்புகிறது. சிறுநீரகத்துக்குப் பங்கு குறைகிறது. மிச்சமிருக்கும் தண்ணீரைப் பிடித்துவைக்க அது திணறுகிறது. உழைப்பில் சிதையும் தசைக் கழிவும் அதன் தலையில்தான் வந்து விழுகிறது. ஒரு நாள் இப்படி நடந்தால் இரவு தூக்கத்தில் சரியாகிவிடும். மாதக்கணக்கில், வருஷக்கணக்கில் தினமும் நடந்தால் உள்ளே இருக்கும் நுண்குழாய்கள் புண்ணாகித் தழும்பாகின்றன. தழும்பான இடம் மறுபடி வேலை செய்யாது.

இந்த நோயில் ஒரு வஞ்சகமும் இருக்கிறது. நீரிழிவால் சிறுநீரகம் கெட்டால் பெரும்பாலும் சிறுநீரில் புரதம் ஒழுகும், நுரைக்கும். ஓரளவாவது எச்சரிக்கை கிடைக்கும். இதில் முதல் அடி குழாய்களில் விழுவதால் புரதம் அதிகம் வருவதில்லை. வலியும் இல்லை. கிரியாட்டினின் அளவு ஏறுவதற்குள் சுமார் பாதிச் சக்தி போயிருக்கும். நாங்குநேரிக்காரர் போலக் கால் வீங்கி வருகிறவர் கடைசி ஸ்டேஷனுக்கு வந்துவிட்டவர்.

வெயில் ஒன்றேதான் காரணம் என்று அடித்துச் சொல்வதும் சரியல்ல. அப்படியானால் வெயில் அடிக்கும் ஊர்களிலெல்லாம் ஒரே அளவில் நோய் இருக்க வேண்டும், இல்லை. தண்ணீரிலுள்ள உலோகம், பூச்சிமருந்து, உடல்வாகு இவையும் சேருகின்றன என்பது பல நிபுணர்களின் கருத்து. ஆனால் தண்ணீரிலுள்ள விஷம் எது என்று கண்டுபிடிக்கும்வரை வெயிலைக் குறைக்காமல் காத்திருக்க வேண்டும் என்று எந்த நிபுணரும் சொல்லவில்லை. அப்படிச் சொல்கிறவர்கள் முதலாளிகள் மட்டுமே.

வாஷியின் வெக்கை

மும்பையில் 45 டிகிரி அடிப்பதில்லையே, விதர்பாவில்தானே அடிக்கிறது என்று கேட்கலாம். கடலோர வெக்கையின் குணம் வேறு. காற்றில் ஈரம் நிறைந்திருப்பதால் வியர்வை வழிகிறதே தவிர உலர்வதில்லை. உலராத வியர்வை உடம்பைக் குளிர்விக்காது. 2023 ஏப்ரல் 16-ல் வாஷியிலிருந்து ஆறாவது ஸ்டேஷனான கார்கரில், மாநில அரசு நடத்திய மகாராஷ்டிர பூஷண் விருது விழாவுக்குப் பந்தல் இல்லாத மைதானத்தில் லட்சக்கணக்கானோர் உட்கார வைக்கப்பட்டார்கள். 14 பேர் வெயிலுக்குப் பலியானார்கள். அன்றைய வெப்பநிலை சுமார் 38 டிகிரிதான். அவர்கள் சும்மா உட்கார்ந்திருந்தவர்கள். முதுகில் 50 கிலோ மூட்டை இல்லை.

வாஷியின் ஐந்து பெரிய மார்க்கெட்டுகளும் 1980-களிலும் 90-களிலும் மும்பை நகருக்குள்ளிருந்து இங்கே வந்தவை. மூட்டை சுமக்கும் மாத்தாடிகளில் பெரும்பாலோர் சாத்தாரா, புனே பக்கத்து மராட்டியர்கள். நம்மவர்கள் டெம்போ டிரைவர்களாக, கிளீனர்களாக, கடைக் கணக்கர்களாக, டீக்கடை மாஸ்டர்களாக, பதிவில் பேரில்லாத கூலிகளாக இருக்கிறார்கள். காய்கறி லாரி நள்ளிரவுக்கு மேல் வரும். அப்போது வெயில் இல்லையே என்பது உண்மை. ஆனால் தகரக் கூரைக்குக் கீழே மே மாதப் பின்னிரவில் சட்டையைப் பிழிந்து உடுத்துகிறவர்களுக்குச் சூரியன் தேவையில்லை. தாராவியின் பட்டறை உலைகளுக்கும் மாட்டுங்கா ஓட்டல்களின் பின்கட்டு அடுப்புகளுக்கும் இதே நியாயம்தான்.

பாட்டிலும் மாத்திரையும்

மார்க்கெட்டில் தாகத்துக்குக் கைக்குக் கிடைப்பது என்ன? கலர் பாட்டில். பத்து ரூபாய், இருபது ரூபாய். குடித்தால் தெம்பு வருவதுபோல இருக்கும். 2019-ல் அமெரிக்காவின் பஃபலோ பல்கலைக்கழகத்தில் நடந்த ஒரு சோதனை இங்கே கவனிக்கத்தக்கது. ஆரோக்கியமான 12 பேரைச் சூடான அறையில் ஓடவும், சாமான்களைத் தூக்கி வைக்கவும் செய்தார்கள். மொத்தம் நான்கு மணி நேரம். இடைவேளைகளில் ஒரு நாள் சர்க்கரையும் கஃபீனும் கலந்த குளிர்பானம், இன்னொரு நாள் தண்ணீர். குளிர்பானம் குடித்த நாளில் சிறுநீரகம் அடிபடுவதைக் காட்டும் அறிகுறிகள் அவர்களது ரத்தத்தில் ஏறின. தண்ணீர் குடித்த நாளில் அப்படி ஏறவில்லை. சிறிய சோதனைதான். பன்னிரண்டு பேரை வைத்து உலகத்துக்கே தீர்ப்புச் சொல்ல முடியாது. ஆனாலும் உப்புப் போட்ட மோருக்கும் நீராகாரத்துக்கும் பேர்போன ஊர்களிலிருந்து வந்தவர்கள் பாட்டிலுக்கு மாறியது லாபமில்லை.

பாட்டிலைவிடப் பெரிய ஆபத்து மாத்திரை. முதுகுவலி, மூட்டுவலிக்கு டைக்ளோஃபினாக், ஐபுபுரூஃபன் போன்றவற்றைச் சீட்டில்லாமல் வாங்கிப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போவது சுமைத் தொழிலில் சாதாரணம். ரத்த ஓட்டம் குறையும்போது சிறுநீரகம் தன் ரத்தக் குழாயை விரித்துத் தற்காத்துக்கொள்கிறது. அதற்கு வேண்டிய ரசாயனத்தைத்தான் இந்த மாத்திரைகள் தடுக்கின்றன. வலியும் அதே ரசாயனத்தால் வருவதால் வலி போகிறது. பாதுகாப்பும் கூடவே போகிறது. உடம்பில் நீர் வற்றியிருக்கும் நாளில் போட்டால் கேடு இரட்டிப்பு. நாங்குநேரிக்காரர் ஆறு வருஷமாக வாரத்துக்கு நாலைந்து போட்டவர். டாக்டர் அதைக் கேட்ட பிறகுதான் அவர் சொன்னார். மாத்திரையை அவர் மருந்தாகவே நினைக்கவில்லை, பீடாபோல நினைத்திருக்கிறார்.

நாட்டு மருந்துதானே, கெடுதல் இல்லை என்ற எண்ணமும் முழுவதும் சரியல்ல. பாதரசம் கலந்த மருந்துகளைச் சாப்பிட்டவர்களுக்கு ஒரு தனி வகைச் சிறுநீரக நோய் வருவதை 2022-ல் தமிழ்நாட்டு டாக்டர்கள் உலக அளவிலான சிறுநீரக மருத்துவ ஏட்டில் எழுதினார்கள். மருந்தை நிறுத்தியதும் பெரும்பாலோருக்கு நோய் தணிந்தது. முகம் வெளுக்கப் பூசும் சில கிரீம்களிலும் இதே பாதரசம் கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது.

நிழலும் ஓய்வும் மருந்தாகுமா?

ஆகும் என்று காட்டிய நாடு நிகராகுவா. சான் அந்தோனியோ சர்க்கரை ஆலையின் கரும்புத் தோட்டங்களில் வெட்டுகிறவர்களுக்கு நிழல் கூடாரம், கட்டாய இடைவேளை, உப்புச் சத்துக் கலந்த தண்ணீர் மூன்றும் ஏற்பாடாயின. அறுவடைக் காலம் முழுவதும் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். ஓய்வு நேரத்தைக் கூட்டியதும், எரித்த கரும்பை வெட்டும் கடுமையான வேலையில் இருந்தவர்களிடம் சிறுநீரகம் அடிபடுவது பாதிக்கும் மேல் குறைந்தது. இதில் கவனிக்க வேண்டியது ஓய்வு. தண்ணீர் மட்டும் கொடுத்துவிட்டு ஓடவிட்டால் போதாது. டன் கணக்கில் கூலி வாங்குகிறவன் தானாக உட்கார மாட்டான். உட்கார்ந்தால் அன்றைக்குக் கூலி குறையும். வாஷியில் மூட்டைக் கணக்கில் கூலி. அதே சிக்கல்.

மகாராஷ்டிரத்தில் 1969-ல் வந்த மாத்தாடிச் சட்டம் நாட்டுக்கே முன்மாதிரி. வியாபாரிகளிடம் வசூல் செய்து, வாரியத்தின் மூலம் கூலி, சேமநிதி, மருத்துவ உதவி தருகிறது. வாரியத்தில் பேர் உள்ளவருக்கு ஆண்டுக்கு ஒரு முறை ரத்தம், சிறுநீர் பரிசோதிப்பது முடியாத காரியமல்ல. சில நூறு ரூபாயில் முடியும். வாரியத்தில் பேரில்லாத கூலிக்கு அந்த வாசலும் இல்லை.

கெட்ட பிறகு

மருந்தும் முன்னேறியிருக்கிறது. நீரிழிவுக்காகக் கண்டுபிடிக்கப்பட்ட டாபாகிளிஃப்ளோசின் என்ற மாத்திரை, சர்க்கரை இல்லாதவர்களுக்கும் சிறுநீரகம் கெடுவதைத் தாமதப்படுத்தும் என்று 2020-ல் 4,304 நோயாளிகளிடம் நடந்த பரிசோதனை காட்டியது. அதன் இனத்தைச் சேர்ந்த எம்பாகிளிஃப்ளோசின் 6,609 பேரிடம் பரிசோதிக்கப்பட்டு 2022-ல் அதே முடிவைத் தந்தது. முதலாவதன் காப்புரிமை இந்தியாவில் 2020-லும், மற்றதன் காப்புரிமை 2025 மார்ச்சிலும் முடிந்தன. பல இந்தியக் கம்பெனிகள் தயாரிக்கத் தொடங்கியதால் விலை சரிந்தது. ஆனால் அந்தப் பரிசோதனைகள் வெயில் தொழிலாளர்களுக்கென்று நடத்தப்பட்டவை அல்ல. மாத்திரை சிறுநீரை அதிகமாகப் போக்கும் தன்மை உடையது. ஏற்கெனவே நீர் வற்றிய உடம்புக்குக் கொடுப்பதற்கு முன் டாக்டர் யோசிக்க வேண்டியிருக்கிறது. நோயை ஆரம்பத்தில் கண்டுபிடித்தவருக்குத்தான் இதனால் பலன் என்பதையும் மறக்கக் கூடாது.

அந்தக் கட்டம் தாண்டினால் டயாலிசிஸ், அல்லது மாற்றுச் சிறுநீரகம். உயிரோடிருப்பவர் கொடுத்த சிறுநீரகத்தை இந்தியாவில் முதன்முதலில் வெற்றிகரமாகப் பொருத்தியது 1971-ல் வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரி. கொடுக்க ஆள் வேண்டும். கொடுத்த பிறகு ஆயுள் முழுதும் மருந்து வேண்டும். அதனால் பெரும்பாலோருக்கு டயாலிசிஸ்தான் கதி. ஒரு தடவைக்கு நான்கு மணி நேரம். வாரம் மூன்று தடவை. மெஷினில் படுத்த நாளில் மூட்டை தூக்க முடியாது, மறுநாளும் முடிவதில்லை.

பணம்? மகாராஷ்டிர அரசின் மகாத்மா ஜோதிபா புலே திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை உண்டு. டயாலிசிஸ் அதில் அடக்கம். ஆனால் மகாராஷ்டிர ரேஷன் கார்டோ, குடியிருப்புச் சான்றோ வேண்டும். இருபது வருஷம் வாஷியில் உழைத்தும் கார்டைச் சொந்த ஊரிலேயே வைத்திருப்பவர்கள் நம்மில் ஏராளம். பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது வேட்டி சேலையும் பரிசும் வாங்க அந்தக் கார்டு உதவும். தமிழ்நாட்டு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துக்கும் உதவும். வாஷியில் மெஷினில் படுக்க உதவாது. ஒரே நாடு ஒரே ரேஷன் என்ற ஏற்பாட்டில் அரிசி, கோதுமைதான் மாநிலம் தாண்டி வருகிறது. ஆயுஷ்மான் பாரத் அட்டை உள்ளவர்கள் மட்டும் எந்த மாநிலத்திலும் அத்திட்டத்தில் சேர்ந்த ஆஸ்பத்திரியில் அதைக் காட்டலாம். அட்டை இருக்கிறதா என்று நோய் வருவதற்கு முன்பே பார்த்துவைத்துக்கொள்வது நல்லது. வந்த பிறகு ஆபீஸ் ஆபீஸாக அலைய உடம்பில் தெம்பு இராது.

நாங்குநேரிக்காரரிடம் இருந்தது தமிழ்நாட்டுக் கார்டு. முதல் இரண்டு மாத டயாலிசிஸ் மனைவியின் நகையில் நடந்தது. இப்போது குடும்பத்தோடு திருநெல்வேலிக்குத் திரும்பி, அங்கே முதலமைச்சர் காப்பீட்டில் சிகிச்சை பெறுகிறார். மார்க்கெட்டில் அவரோடு மூட்டை தூக்கிய ஐந்து பேர் சொந்தச் செலவில் கிரியாட்டினின் பரிசோதனை செய்துகொண்டார்கள். நான்கு பேருக்குச் சரியாக இருந்தது. 36 வயதான ஐந்தாவது நபருக்கு 1.9. அவருக்கும் சர்க்கரை இல்லை.